"வியாபாரம் எப்படிங்க?" கடைக்காரரிடம் கேட்டு எழுதும் அமெரிக்க மத்திய வங்கி!

"வியாபாரம் எப்படி? சரக்கு விலை ஏறுதா? வேலைக்கு ஆள் கிடைக்குதா?"

அமெரிக்காவில் கடைக்காரர், ஆலை முதலாளி, விவசாயி, ஓட்டல்காரர் என்று பலரிடமும் இப்படிக் கேட்பது யார் தெரியுமா? அந்த நாட்டின் மத்திய வங்கி!

"பெடரல் ரிசர்வ்" என்ற அந்த வங்கிக்கு 12 வட்டார வங்கிகள் உண்டு. ஒவ்வொன்றும் தன் வட்டாரத்தில் விசாரித்து எழுதுகிறது. எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 8 தடவை ஒரே அறிக்கையாக வருகிறது. பெயர், "பீஜ் புக்". சந்தன நிற அட்டையால் வந்த பெயர்.

வட்டியைக் கூட்டுவதா, குறைப்பதா என்று முடிவு செய்யும் கூட்டத்துக்குச் சுமார் 2 வாரம் முன்னதாக இது வெளியாகும். வீட்டுக் கடன், கடைக் கடன் வாங்கியவர்களின் கவலையெல்லாம் அந்தக் கூட்டத்தின் மேல்தான்.

சிவப்பு அட்டை

1970-ல் இது தொடங்கியபோது அட்டை சிவப்பு. அதிகாரிகள் மட்டுமே படிக்கலாம். ரகசியம்!

1983-ல் பாராளுமன்றத் தரப்பில் இருந்து கேள்வி வந்தது. கேட்டது என்னவோ, வங்கி நிபுணர்களின் கணிப்புகள் அடங்கிய பச்சைப் புத்தகம். அதைக் கொடுக்க வங்கிக்கு மனம் இல்லை. சிவப்புப் புத்தகத்தை எடுத்து, அட்டை நிறத்தை மாற்றி, ஊருக்குக் காட்டிவிட்டார்கள். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் கிடைத்தது மட்டமில்லை.

காரணம், படித்தால் புரிகிறது. 2023 ஜூலை அறிக்கையில் பிலடெல்பியா வட்டாரம் ஒரு சேதி எழுதியது. கொரோனாவுக்குப் பிறகு அந்த நகர ஓட்டல்களுக்கு அதிக வருமானம் வந்தது மே மாதத்தில்தானாம். பாடகி டெய்லர் ஸ்விப்ட் கச்சேரிக்குக் கூட்டம் குவிந்ததே முக்கிய காரணமாம்!

சொன்னவர் பெயர் மட்டும் வெளியே வராது. பெயர் போட்டால் "யாவாரம் படுத்துப் போச்சு" என்று எந்த முதலாளி வாய் திறப்பார்? "இது வங்கியின் கருத்து அல்ல" என்றும் அறிக்கையிலேயே அச்சிடுகிறார்கள். ஒரு குறை உண்டு. "லேசான" வளர்ச்சி, "மிதமான" வளர்ச்சி என்று வார்த்தைகளை நிறுத்துப் போடுவார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நிபுணர்களே மண்டையைப் பிய்த்துக்கொள்வது வழக்கம்.

கணக்கு வராத மாதம்

2025 அக்டோபர் 1-ந் தேதி முதல் அமெரிக்க அரசு அலுவலகங்கள் பணம் ஒதுக்கப்படாமல் முடங்கின. மாதாமாதம் வரும் வேலைவாய்ப்புக் கணக்கு வரவில்லை. மத்திய வங்கி நடப்பது சொந்த வருமானத்தில். அதனால் சந்தனப் புத்தகம் மட்டும் 15-ந் தேதி தவறாமல் வந்தது.

3 வட்டாரங்களில் கொஞ்சம் வளர்ச்சி. 5-ல் மாற்றம் இல்லை. 4-ல் லேசான தொய்வு. இறக்குமதி வரியால் சரக்கு விலை ஏறியும், வாடிக்கையாளர் போய்விடுவாரே என்று சிலர் விலையை உயர்த்தவில்லை. சிலர் முழுவதையும் வாங்குபவர் தலையில் வைத்தார்கள். மறைக்காமல் அப்படியே எழுதியிருந்தது.

29-ந் தேதி கூடிய கூட்டம் வட்டியைக் கால் சதவீதம் குறைத்தது.