இரைப்புக்கும் இரைப்பைக்கும் என்ன உறவு... தெரியுமா?

'இரைப்பை' என்று எழுதி, கடைசி எழுத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்... 'இரைப்பு', அதாவது மூச்சு இளைப்பு! சொற்களுக்கு வேர் வேறு வேறுதான். ஆனால் வயிற்றுக்கும் மூச்சுக்கும் உள்ள உறவு நிஜமானது!

நுரையீரல் குடலிலிருந்து முளைத்தது, தெரியுமா?
கருவுக்கு நாலாவது வாரம். முன்குடல் என்ற குழாயின் முன்சுவரில் ஒரு சின்ன மொட்டு கிளம்புகிறது. அதுவே கிளைவிட்டுக் கிளைவிட்டு மூச்சுக்குழாயாகவும் நுரையீரலாகவும் ஆகிறது. உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் உடன்பிறப்புகள்!

இரண்டுக்கும் ஒரே நரம்பு, தெரியுமா?
அதன் பெயர் வேகஸ். இரைப்பை அமிலம் எதுக்களித்து உணவுக்குழாயின் அடியைத் தொட்டாலே போதும். சேதி வேகஸ் வழியே போய் மூச்சுக்குழல்களைச் சுருக்கிவிடலாம். ஒரு சொட்டு அமிலம்கூட நுரையீரலை எட்ட வேண்டியதில்லை! இரவு 10 மணிக்கு நாலு புரோட்டா, சால்னா. 10.30-க்கு மல்லாந்து படுக்கை. நடுநிசியில் நெஞ்செரிச்சல், தொண்டையில் புளிப்பு, பின்னாலேயே இருமல், 'உய்ங்' என்று இளைப்பு... உங்கள் வீட்டிலும் உண்டா?

நூறாண்டுக்கு முன்பே இதைக் கவனித்தவர் யார், தெரியுமா?
கனடாவில் பிறந்த மருத்துவ மேதை வில்லியம் ஆஸ்லர்! கடும் ஆஸ்துமாக்காரர்கள் இரவு இளைப்புக்குப் பயந்து பெரிய சாப்பாட்டை மதியமே முடித்துக்கொள்கிறார்கள் என்று தம் பாடநூலில் எழுதினார்.

பச்சைக்குழந்தையின் மலத்தில் மூச்சின் ஜாதகம், தெரியுமா?
2015-இல் கனடாவில் 319 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. ஆஸ்துமா வரும் அபாயம் அதிகமிருந்த குழந்தைகளுக்கு, பிறந்த முதல் 100 நாட்களில் லாக்னோஸ்பைரா, வெய்லோனெல்லா, ஃபீகாலிபாக்டீரியம், ரோத்தியா என்ற நான்கு வகை குடல் பாக்டீரியாக்கள் குறைவாக இருந்தன. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு அந்த நான்கையும் கொடுத்தார்கள். அவற்றின் குட்டிகளுக்கு மூச்சுக்குழல் அழற்சி தணிந்தது!

நார்ச்சத்து எலும்புக்குள் போய் வேலை பார்க்கிறது, தெரியுமா?
குடல் பாக்டீரியாக்கள் நாரை நொதிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கின்றன. 2014-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில், எலிகளின் ரத்தத்தில் கலந்த அந்த அமிலங்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகும் எதிர்ப்பு அணுக்களின் போக்கையே மாற்றி, நுரையீரலின் ஒவ்வாமையை அடக்கின!

எதுக்களிக்கும் அமிலம் இளைப்பைத் தூண்டுமென்றால், அதை அடக்கும் மாத்திரை போதுமா?
போதாது! நெஞ்செரிச்சல் அவ்வளவாக இல்லாத 412 ஆஸ்துமா நோயாளிகளிடம் செய்த அமெரிக்க ஆய்வு 2009-இல் வெளியானது. அமிலத்தை அடக்கும் எஸோமெப்ரசோல் அவர்களின் ஆஸ்துமாவுக்கு உதவவில்லை.

ஆகவே இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். எதுக்களிப்பு இருந்தால், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கட்டை கொடுத்து உயர்த்துங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அடுத்த முறை மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போது, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்!