சதுரத்துக்குள் ஒரு தணல்

தம் பிரியாணி மாஸ்டர் கடைசி அரை மணி நேரத்தில் செய்யும் வேலையைக் கவனித்திருக்கிறீர்களா? தேக்சாவை இறுக மூடுவார். அடியில் எரியும் விறகை இழுத்துவிட்டுத் தணலை மட்டும் விட்டுவைப்பார். கொஞ்சம் தணலை அள்ளி மூடியின் மேலும் பரப்புவார். கீழே நெருப்பு, மேலே நெருப்பு, நடுவில் சோறு. இதைக் குறுக்கே வெட்டிப் படமாக வரைந்தால் ஒரு சதுரம், அதற்குள் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. வீட்டு ஓவனின் குமிழில் அச்சிட்டிருக்கும் குறியும் இதேதான்.

ஓவன் குறிகளின் சூட்சுமம் இவ்வளவுதான். கேக், பன், கோழி என்று பண்டத்தின் பெயரை அவை சொல்வதில்லை. நெருப்பு எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்கின்றன. சதுரம் என்பது ஓவனின் உள்ளறை. கோடு என்பது சூடேறும் கம்பி. கீழ்க்கோடு மட்டும் இருந்தால் தோசைக்கல்லைப் போல அடியிலிருந்து சூடு. மேலே வெந்தும் அடி சொதசொதவென்று இருக்கும் பீட்ஸாவுக்கு அது மருந்து. மேல்கோடு மட்டும் என்றால், உள்ளே வெந்துவிட்ட பண்டத்தின் தலைக்கு நிறமேற்ற.

அந்தக் கம்பியே ஒரு விந்தை. வெளியே தெரிவது வெறும் உலோகக் குழாய். உள்ளே சுருண்டிருப்பது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி. 1906-இல் அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற உலோகக் கலவை இது. சாதாரண இரும்புக் கம்பி பழுக்கப் பழுக்கத் துருவேறி உதிரும். நிக்ரோமிலோ குரோமியம் காற்றோடு சேர்ந்து மெல்லிய தோல் ஒன்றைப் போர்த்தி உள்ளிருப்பதைக் காக்கிறது. கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். வெப்பத்துக்கு வழிவிட்டு, மின்சாரத்தை மறிக்கும் தூள் அது.

இப்போது ஒரு புதிர். இட்லிப் பானையின் ஆவி 100 டிகிரி. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இட்லி தயார். ஓவனுக்குள் 180 டிகிரி. ஆனால் கேக் வேக முக்கால் மணி நேரம்கூட ஆகிறது. சூடு அதிகம் இருந்தும் ஏன் இந்தத் தாமதம்? காற்று பரம ஏழை என்பதுதான் காரணம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ; அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் காற்று ஒரு கிராம்கூட இல்லை. கொண்டுவரும் வெப்பமும் அதற்கேற்பக் கொஞ்சம்தான். ஆவியோ இட்லிமேல் பட்டு நீராகும்போது, தான் சுமந்துவந்த வெப்பத்தை மொத்தமாக இறக்கிவிடுகிறது.

ஆனால் ஆவிக்கு முடியாத ஒன்று ஓவனுக்கு முடியும். எவ்வளவு நேரம் வெந்தாலும் இட்லி சிவப்பதில்லை. சுமார் 140 டிகிரியைத் தாண்டினால்தான் மாவிலுள்ள சர்க்கரையும் புரதக்கூறுகளும் விறுவிறுவெனக் கூடி, பொன்னிறத்தையும் நூறு வாசனைகளையும் பிறப்பிக்கும். 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு அறிஞர் லூயி கமீ மயாரின் பெயரால் இது மயார் வினை எனப்படுகிறது. முறுகல் தோசையின் மணமும் பன்னின் பழுப்பு முதுகும் இதன் கைவண்ணம்.

அடுத்த குறி, மின்விசிறி. கேக்கைச் சுற்றி, சற்றே சூடு குறைந்த காற்று ஒரு போர்வைபோல ஒட்டி நிற்கும். விசிறி அதை உரித்தெறிகிறது. கத்திரி வெயிலில் ஓடும் பேருந்தின் ஜன்னலோரம் அனல்காற்று முகத்தில் அறைவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் விசிறி ஓடும்போது வெப்பத்தைச் சுமார் 20 டிகிரி குறைத்து வைக்கச் சொல்கிறார்கள். விசிறியைச் சுற்றி ஒரு வட்டமும் இருந்தால், அங்கே வளையமாக மூன்றாவது கம்பி ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

மேலே கோடு நேராக இல்லாமல் ரம்பப் பல்போல வளைந்து நெளிந்தால் அது கிரில். இங்கே காற்றுக்கு வேலை குறைவு. தணலின் அனல் எட்ட நிற்பவரையும் சுடுவதுபோல, வெப்பம் கதிராகவே பாய்கிறது. எந்தப் பொருளும் சுமார் 525 டிகிரியில்தான் கண்ணுக்குத் தெரியும்படி சிவக்கத் தொடங்கும். ஆகவே கம்பியின் சிவப்பே ஒரு வெப்பமானி. பனிப்பூவும் நீர்த்துளியும் வரைந்திருந்தால் கதை நேரெதிர்: உறைந்ததை மெல்ல இளக்குவதற்கான குறி அது.

சீக்கிரம் சூடாகட்டும் என்று குமிழை 250-க்குத் திருப்புபவர்கள் உண்டு. பலனில்லை. மொட்டைமாடித் தொட்டி பாதி நிறைந்தால் போதும் என்றாலும், முழுதும் நிறைய வேண்டும் என்றாலும் மோட்டார் ஒரே வேகத்தில்தான் இறைக்கும். நிற்கும் இடம்தான் வேறு. ஓவனும் அப்படியே. பல ஓவன்களில் நிறுத்தும் பொறுப்பு ஈருலோகப் பட்டைக்கு, அதாவது ஒட்டவைத்த இரு உலோகத் தகடுகளுக்கு. சூட்டில் ஒன்று கூடுதலாக நீள, மற்றது குறைவாக நீள, பட்டை வளைந்து மின்தொடர்பைத் துண்டிக்கும். ஆறியதும் நிமிர்ந்து மறுபடி இணைக்கும். குமிழைத் திருப்பும்போது, பட்டை எவ்வளவு வளைந்தால் போதும் என்பதைத்தான் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். சிறுவிளக்கு அணைந்து அணைந்து எரிவது இதனால்தான்.

கடைசிக் குமிழ் டைமர். பெரும்பாலான சிறு ஓவன்களில் அதற்குள் இருப்பது பழைய கடிகாரத்தின் சுருள்வில். நீங்கள் முறுக்கும்போது உங்கள் மணிக்கட்டின் பலம் அதில் சேமிப்பாகிறது. அடுத்த முக்கால் மணி நேரமும் டைமர் ஓடுவது அந்தப் பலத்தில்தான். நடுவில் கரண்ட் போனால் கம்பி ஆறும், விசிறி நிற்கும், விளக்கு அணையும். டைமர் மட்டும் இருட்டில் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும். கேக் வெந்ததோ இல்லையோ, சொன்ன நேரத்துக்கு மணி அடித்துவிடும்.