அறுவைப் புண்ணில் சீழ் பிடிக்காமல் காக்கும் முறைகள்

உருளைக்கிழங்கு விதையை வெட்டி நடும்போது, நோயுற்ற கிழங்கை வெட்டிய கத்தியாலேயே நல்ல கிழங்கையும் வெட்டினால் வாடல் நோய் பரவிவிடும் என்பதை நீலகிரி விவசாயிகள் நன்கு அறிவர். அறுவை மருத்துவரின் கத்திக்கும் இதே விதிதான். தோல் நம் உடலின் வேலி. அறுவையின்போது அந்த வேலி திறக்கப்படுவதால் கிருமிகள் எளிதில் உட்புகும். சீழ் பிடித்தால் புண் ஆற நாளாகும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

கிருமி நீக்கம்

லூயி பாஸ்டரின் ஆராய்ச்சியைப் பின்பற்றி, 1867-ஆம் ஆண்டு ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், கார்பாலிக் அமிலத்தால் புண்களில் சீழ் பிடிப்பதைக் குறைக்கலாம் என்று எடுத்துக்காட்டினார். அந்தப் பாஸ்டரின் பெயரால் 1907-ல் தொடங்கப்பட்டதே குன்னூர் பாஸ்டர் நிலையம். பின்னர், கிருமி புண்ணை அடைந்தபின் கொல்வதைவிட, அடையவிடாமல் தடுப்பதே மேல் என்ற முறை வந்தது. கருவிகள், துணிகள் ஆகியவற்றில் கிருமிகளை அறவே ஒழிக்கலாம். கைகளிலும் தோலிலும் குறைக்கத்தான் முடியும். ஆகவேதான் மருத்துவர் கைகளைத் தேய்த்துக் கழுவியபின், கிருமி நீக்கிய கையுறையும் அணிகிறார்.

மலையில் கொதிநீர் போதாது

கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மண்ணிலும் சாணத்திலும் வாழும் இரண ஜன்னிக் கிருமியின் வித்துக்கள் 100 டிகிரியையே தாங்கக் கூடியவை. எனவே ஆட்டோகிளேவ் எனும் அழுத்த நீராவிக் கலன் தேவைப்படுகிறது.

சமவெளியில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி வெப்பம் கிடைக்கும். உதகையில் அதே 15 பவுண்டில் சுமார் 117 டிகிரிதான் கிடைக்கும். 121 டிகிரியை எட்டச் சுமார் 18½ பவுண்டு வேண்டும். ஆகவே அழுத்தமானியை மட்டும் நம்பாமல் வெப்ப அளவையும் பார்ப்பது அவசியம். காளான் வித்து தயாரிப்போரும் இதைக் கவனிக்கவும். கலனுக்கு அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தை மீறக் கூடாது. 15 பவுண்டிலேயே ஏறத்தாழ இரண்டரை மடங்கு நேரம் வைப்பது பாதுகாப்பானது.

அறுவைக்கு முன்

1. முதல் நாள் இரவோ, அன்று காலையோ சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும்.

2. வீட்டில் பிளேடால் முடியை மழிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமிகள் பெருகும்.

3. கவாத்துக் கத்தி பட்ட புண், கொப்புளம், காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

4. சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். பீடி, சிகரெட்டை நான்கு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது.

5. உடலைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். உடல் குளிர்ந்தால் தோலுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, கிருமியை எதிர்க்கும் திறனும் குறையும். மலைக் குளிரில் கம்பளி மிக அவசியம்.

அறுவைக்குப் பின்

கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளவும். சாம்பல், சாணம், காப்பித்தூள், மஞ்சள் எதையும் புண்ணில் வைக்கக் கூடாது. கை கழுவாமல் யாரும் கட்டைத் தொடக் கூடாது. மருத்துவர் அனுமதிக்கும்வரை மாட்டுக் கொட்டகை வேலையும் தோட்ட வேலையும் வேண்டாம். மருந்தை அவர் சொன்ன நாள்வரை சாப்பிடவும். மீந்த மருந்தைப் பிறருக்குக் கொடுக்க வேண்டாம்.

ஒரு மாதத்திற்குள் புண் சிவந்து வீங்கினாலோ, வலி கூடினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, வார இறுதி என்றும் பறிப்பு நாள் என்றும் தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். ஒரு நாள் கூலி போனால் மறுநாள் ஈட்டிக்கொள்ளலாம். முற்றிய புண்ணுக்கு மீண்டும் ஓர் அறுவை தேவைப்படலாம்.

கிழங்கு வெட்டும் கத்தியில் காட்டும் அதே கவனத்தை உடலைக் காப்பதிலும் காட்டி, நலமுடன் வாழ வேண்டுகிறோம்.