ஒன்று போனால் மற்றொன்று

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்குச் செல்லும் சாலையில், தமிழக எல்லையோரம் அமைந்த ஊர் புளியறை. ஆனி, ஆடி மாதங்களில் மலைக்காற்று சாரலை வீட்டுத் திண்ணைவரை கொண்டுவந்து சேர்க்கும். ஐப்பசியிலோ இடியும் மின்னலும். இவ்வூரில் ஒரு வீட்டார் தங்கள் நிலப் பத்திரங்களின் படிகள், திருமணப் படங்கள், பழைய ஒலிநாடாவிலிருந்து பெயர்த்தெடுத்த பாட்டியின் குரல் ஆகிய அனைத்தையும் கணினியின் ஒரே வன்தட்டில் வைத்திருப்பதாகக் கொள்வோம். அத்தட்டு ஒருநாள் சுழல மறுத்தால்? பத்திரத்தின் நகலைப் பதிவு அலுவலகத்தில் பெறலாம். பாட்டியின் குரலை எங்கே பெறுவது?

வன்தட்டின் உள்ளே, காந்தப் படலம் பூசிய அலுமினிய அல்லது கண்ணாடித் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. செய்தியைப் படிக்கும் முனை அதைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமயிரின் தடிப்பு இந்த இடைவெளியைப் போலப் பல ஆயிரம் மடங்கு! இத்தகைய நுண்பொறி என்றேனும் ஒருநாள் பழுதாகும் என்பதில் ஐயமில்லை. அந்த நாள் எது என்பதுதான் நமக்குத் தெரியாது.

ஆகவே ஒரே செய்தியை இரண்டு தட்டுகளில் ஒரே சமயத்தில் எழுதிவைக்கிறார்கள். ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம் போல இருக்கும். 1988இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவரும் தட்டுகளைக் கூட்டாக இயக்கும் முறைகளை வகைப்படுத்தி 'ரெய்டு' என்று பெயரிட்டபோது, முன்பே வழக்கிலிருந்த இம்முறைக்கு முதல் எண்ணைத் தந்தனர்.

இதனை வீட்டிலேயே அமைக்கலாம். சும்மா கிடக்கும் பழைய மேசைக் கணினி ஒன்று, ஒரே கொள்ளளவுள்ள இரு வன்தட்டுகள், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இவை போதும். லினக்ஸைத் தனியே ஒரு சிறிய தட்டில் நிறுவுங்கள். கணினியை வீட்டு வைஃபை பெட்டியுடன் கம்பியால் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள கைப்பேசிகள் எல்லாம் அதில் கோப்புகளைச் சேமிக்கலாம். தட்டு ஒவ்வொன்றும் 4 டெராபைட் என்றால், உங்களுக்குக் கிடைக்கும் இடமும் 4 டெராபைட்தான். இங்கே நாலும் நாலும் எட்டு ஆகாது.

ஒரு தட்டு கெட்டால் புதியதைப் பொருத்துகிறோம். மற்றதிலிருந்து அனைத்தும் அதற்குப் பெயரும். எவ்வளவு நேரம் ஆகும்? 4 டெராபைட் என்பது 40 லட்சம் மெகாபைட். விநாடிக்கு 150 மெகாபைட் வீதம் கணக்கிட்டுப் பாருங்கள், ஏறத்தாழ ஏழரை மணி. தட்டு நிறைந்திருந்தால் எம்முறையிலும் இவ்வளவு ஆகும். அந்த ஏழரை மணி நேரமும் எஞ்சிய ஒரே தட்டை நம்பியிருக்கிறோம். அதுவும் அதே நாளில், அதே கடையில் வாங்கியதாயின், ஒரே தயாரிப்புத் தொகுதியின் குறை இரண்டிலும் இருக்கக்கூடும். எனவே இரண்டையும் வெவ்வேறு காலத்தில் வாங்குவது நல்லது.

மற்றொரு சிக்கல். இரு தட்டுகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது சரி? சாதாரண இரட்டை முறையால் இதைச் சொல்ல முடியாது. 'இசட்.எஃப்.எஸ்.' போன்ற கோப்பு முறைகள் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொள்கின்றன. எண் பொருந்தாத படியை ஒதுக்கி, பொருந்தும் படியைக் கொண்டு அதைத் திருத்திவிடுகின்றன. மாதம் ஒருமுறை முழுத் தட்டையும் இவ்வாறு சோதிக்கச் செய்யலாம். எழுதும்போது மின்சாரம் நின்றால் கோளாறு வரும் என்பதால் ஒரு யு.பி.எஸ். அவசியம். இடி இடிக்கும் வேளையில் செருகியையும், வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் கவலை தீர்ந்ததா? இல்லை. பிம்பம், நாம் செய்வதையெல்லாம் அப்படியே செய்யும். வீட்டுச் சிறுவன் தவறுதலாகப் பாட்டியின் குரலை அழித்தால், இரண்டிலும் அந்தக் கணமே அழியும். மின்னலும் தீயும் திருட்டும் ஒரே பெட்டியில் உள்ள இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

ஒரே இடத்தில் வைத்த செல்வத்துக்கு நேரும் இந்த இடர் கணினிக்கு மட்டும் உரியதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்தில் படி இருந்த நூல்களைப் பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது; வேறு படியே இல்லாத ஏட்டுச்சுவடிகள் போனவை போனவைதான். ஈழத்துத் தமிழ் நூல்களை மின்னுருவாக்கி இணையத்தில் வைக்கும் 'நூலகம்' திட்டம் 2005இல் தொடங்கியது.

எனவே மூன்றாவது படி ஒன்று வேண்டும். அது வேறு ஊரில் இருக்கவேண்டும். புளியறை வீட்டார் தென்காசியிலுள்ள உறவினர் வீட்டில் ஒரு தட்டை வைக்கலாம். ஈரம் படாதிருக்க, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக மூடிய டப்பாவில் இட்டு, மாதம் ஒருமுறை கொண்டுவந்து புதுப்பிக்கலாம். அப்போது, சேமித்த கோப்புகளில் ஏதேனும் ஒன்றை அந்தத் தட்டிலிருந்தே திறந்து பாருங்கள். பாட்டியின் குரலாக இருந்தால் இறுதிவரை கேட்டுவிடுங்கள்.