சக்கரங்களின் அரசு – 9: நியூயார்க்கில் 19, நியூஜெர்சியில் 21

அமெரிக்காவில் சாலை போடுவது மாநிலங்கள். லைசென்ஸ் கொடுப்பதும் குடித்துவிட்டு ஓட்டுபவரைப் பிடித்து உள்ளே தள்ளுவதும் மாநிலங்களே. அப்படியானால் 1967 ஏப்ரல் 1 முதல் வாஷிங்டனில் இயங்கிவரும் மத்தியப் போக்குவரத்துத் துறைக்கு என்னதான் வேலை?

பணம் கொடுப்பது. பெட்ரோல் மீதான மத்திய வரி நெடுஞ்சாலை நிதியில் சேர்கிறது. அங்கிருந்து மாநிலங்களுக்குப் போகிறது. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளின் செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. இந்தப் பணத்தைக் காட்டி எவ்வளவு தூரம் சாதிக்கலாம் என்பது 1980-களில் தெரிந்தது.

1971-இல் அமெரிக்கா வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆக்கியது. வியட்நாம் போருக்குப் போகலாம், ஓட்டுப் போடலாம், பீர் மட்டும் ஆகாதா என்ற கேள்வி எழ, பல மாநிலங்கள் மது வாங்கும் வயதையும் குறைத்தன. பத்தாண்டுகளில் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு வயது. 1984-இல் நியூஜெர்சியில் 21, ஆற்றின் அக்கரையில் நியூயார்க்கில் 19. இளைஞர்கள் எல்லை தாண்டிப் போய்க் குடித்தார்கள். போதையோடு காரை ஓட்டித் திரும்பினார்கள். வழியில் செத்தார்கள், சாகடித்தார்கள்.

குடிபோதை ஓட்டுநர் ஒருவரால் 13 வயது மகளைப் பறிகொடுத்த கேண்டி லைட்னர், 1980-இல் கலிஃபோர்னியாவில் தாய்மார்களைத் திரட்டி இயக்கம் தொடங்கினார். நியூஜெர்சி செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பெர்க், நாடு முழுக்க 21 என்று சட்டம் வேண்டும் என்றார். மாநில உரிமை பேசியே ஆட்சிக்கு வந்த ஜனாதிபதி ரீகன் முதலில் தயங்கினார். போக்குவரத்துத் துறைச் செயலாளர் எலிசபெத் டோல் (நம்மூர்க் கணக்கில் மத்திய அமைச்சர்) சட்டத்தின் பக்கம் நின்றார். 1984 ஜூலை 17 அன்று ரீகன் கையெழுத்திட்டார்.

சட்டம் யாருடைய பீரையும் பிடுங்கவில்லை. வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் முதலாண்டு 5 சதவீதம், அடுத்த ஆண்டு முதல் 10 சதவீதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று செயலாளருக்குச் சொன்னது. அவ்வளவுதான்.

சவுத் டகோட்டா கொதித்தது. அங்கே 19 வயதானவர்கள் லேசான பீர் வாங்கலாம். மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை 1933-இலேயே அரசியல் சாசனத் திருத்தம் மாநிலங்களுக்குக் கொடுத்துவிட்டதே என்று டோல் மீது வழக்குப் போட்டது. 1987 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. நிபந்தனை சாலைப் பாதுகாப்போடு தொடர்புடையது, 5 சதவீதம் மாநிலத்தைக் கட்டாயப்படுத்தும் அளவுக்குப் பெரிதல்ல என்றார் தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட். நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் உடன்படவில்லை. காரையே தொடாத இளைஞனையும் இந்தச் சட்டம் தடுக்கிறது, குடித்துவிட்டு ஓட்டுபவர்களிலோ இளைஞர்கள் சிறு பகுதிதான் என்பது அவர் வாதம்.

வாதம் ஒருபுறமிருக்க, 1988-இல் வயோமிங்கும் வழிக்கு வந்தது. 1995 வரை நெடுஞ்சாலை வேக வரம்பும், 2000-க்குப் பிறகு 0.08 சதவீத ரத்த ஆல்கஹால் அளவும் மாநிலங்களுக்குள் நுழைந்தது இதே பணத்தின் வழியாகத்தான்.

அந்தக் கையெழுத்துக்கு ஆறு நாள் முன்பு டோல் இன்னோர் உத்தரவு போட்டிருந்தார். கார்களில் ஏர்பேக் அல்லது தானியங்கி பெல்ட் கட்டாயம். ஆனால் மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழும் மாநிலங்கள் 1989 ஏப்ரலுக்குள் சீட் பெல்ட் சட்டம் போட்டுவிட்டால் விலக்கு. இத்தனை நாள் கட்டுப்பாடு என்றாலே முகம் சுளித்த டெட்ராய்ட் கார் கம்பெனிகள், சீட் பெல்ட் சட்டம் கேட்டு மாநிலச் சட்டசபைகளின் படியேறின. அந்தக் கூத்து அடுத்த வாரம்.

(தொடரும்)