தராசும் தொழுகையும்

கடைவீதியில் அளவையைக் குறைத்த குற்றத்துக்காக ஒரு ஜன சமூகமே அழிந்தது என்று கூறினால், படையெடுப்புகளையும் அரச வமிசங்களையும் மட்டுமே சரித்திரமென்று கருதுவோர் நகைக்கக் கூடும். திருக்குர்ஆன் கூறும் ஷுஐப் நபியின் வரலாறோ இதையே பெரிய விஷயமாக எடுத்துரைக்கின்றது. பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள ஒவ்வொருவரும் அதனை ஊன்றி நோக்குதல் நலமென்பது நமது எண்ணம்.

அரேபியாவின் வடமேற்கில், அகபா வளைகுடாவுக்குக் கிழக்கேயுள்ள பிரதேசம் மத்யன் எனப்பட்டது. ஒட்டக வணிகர்கள் சென்ற பாதைகளை ஒட்டிய நாடு அது. அந் நாட்டாருக்குப் பொருளில் குறைவில்லை. வறுமையினால் அவர்கள் திருடினாரில்லை; வசதி பெற்றிருந்தும் வஞ்சித்தனர். விற்கும்போது அளவையையும் நிறையையும் குறைத்தனர். வழிகளில் அமர்ந்து போவோரை அச்சுறுத்தினர். திருக்குர்ஆனில் 11 இடங்களில் ஷுஐபின் பெயர் வருகிறது. 7, 11 ஆகிய அத்தியாயங்களில் அவருடைய போதனை விரிவாகக் காணப்படுகிறது. இறைவன் ஒருவனையே வணங்குங்கள் என்று சொன்ன அதே மூச்சில், அளவையையும் நிறையையும் நீதியுடன் நிறைவாக்குங்கள் என்றும் அவர் சொன்னார். இவ்விரண்டும் அவருக்கு வெவ்வேறு உபதேசங்களாகத் தோன்றவில்லை.

மத்யன் வாசிகள் அளித்த விடையே இவ் வரலாற்றின் உயிர்நிலை எனலாம். எங்கள் முன்னோர் வணங்கியவற்றை நாங்கள் கைவிட வேண்டுமென்றும், எங்கள் பொருளை எங்கள் இஷ்டப்படி செய்யலாகாதென்றும் உமது தொழுகையா உமக்குக் கட்டளையிடுகிறது என்று அவர்கள் ஏளனமாகக் கேட்டனர். கோயிலுக்கும் கடைக்கும் என்ன சம்பந்தம், என் சொத்து என் விருப்பம் என்னும் வாதம் நேற்று முளைத்ததன்று என்பது இதனால் விளங்கும். சொத்துரிமையை யாம் மறுக்கவில்லை. ஆனால் குறைந்த படியால் அளந்து மிச்சம் பிடித்தது விற்றவனுடைய சொத்தே அன்று; வாங்கியவனுடையது. பிறன் பொருளைத் தன் பொருளென்று வைத்துக்கொண்டு அதன்மேல் சுதந்தரம் பேசுவது எங்ஙனம் பொருந்தும்?

இவ் வேளனத்துக்கு ஷுஐப் சினந்து விடை கூறவில்லை. உங்களுக்கு எதை வேண்டாமென்கிறேனோ அதை நானே செய்ய விரும்பவில்லை. என்னால் இயன்றவரை சீர்திருத்தம் செய்வதே என் நோக்கம் என்னும் கருத்துப்பட மொழிந்தார். நபிமார்களின் பிரசங்கி என்று இஸ்லாமிய அறிஞர்கள் அவருக்குப் பட்டம் சூட்டினர். அந்தப் பிரசங்கத்தின் வலிமை நாவன்மையில் மட்டும் இருந்ததென்று நாம் நினைக்கவில்லை. அவர் தம் தராசை முதலில் சரிபார்த்துக்கொண்டவர்.

வாதத்தில் தோற்றவர்கள் மிரட்டலில் இறங்கினர். உம்மையும் உம்மைச் சார்ந்தோரையும் ஊரைவிட்டு ஓட்டுவோம் என்றனர். உமது குலத்தார் இல்லாவிடில் கல்லாலடித்துக் கொன்றிருப்போம் என்றனர். அவர்கள் அஞ்சியது உறவினரின் பலத்துக்கே, உண்மைக்கன்று. அல்லாஹ்வைக் காட்டிலும் என் குலத்தாரா உங்களுக்குப் பெரியவராயினர் என்று ஷுஐப் கேட்டார். தமக்குப் பாதுகாப்பாயிருந்த குலப் பெருமையையும் அவர் துணையாகக் கொள்ளவில்லை. இறுதியில் பூகம்பமும் பேரோசையும் அவர்களைப் பற்றின. காலையில் அவர்கள் தத்தம் வீடுகளில் வீழ்ந்து கிடந்தனர். அங்கே என்றுமே வாழ்ந்திராதவர் போல மறைந்தனர்.

இவ் வுபதேசம் மத்யனோடு முடியவில்லை. திருக்குர்ஆனின் 83-வது அத்தியாயம் அளவையில் மோசம் செய்வோரின் பெயராலேயே வழங்குகின்றது. முகம்மது நபி ஒருநாள் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்ததென்றான் வணிகன். அப்படியாயின் ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுவோன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று அவர் உரைத்ததாக ஹதீஸ் கூறும். பிற்காலத்து முஸ்லிம் நகரங்களில் சந்தையையும் எடைகளையும் கண்காணிக்க முஹ்தஸிப் என்னும் அதிகாரி நியமிக்கப்பட்டார். கெய்ரோவில் அப் பதவியை 1399-ம் ஆண்டில் ஏற்றவர் மக்ரீஸி என்னும் பெயர்பெற்ற சரித்திராசிரியர். கூலமளக்கும் படியை மேற்பார்ப்பது கல்விமானுக்கு இழிவென்று அக்காலத்தவர் கருதவில்லை.

அந்த 83-வது அத்தியாயம் குற்றத்தை விளக்கும் முறை கவனிக்கத்தக்கது. பிறரிடம் வாங்கும்போது நிறைய அளந்துகொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவனே அங்கு கண்டிக்கப்படுகிறான். இது வணிகருக்கு மட்டுமா? தமக்கு மேலுள்ளோரிடம் உரிமைகளை முழுப்படியாகக் கேட்டுவிட்டு, தமக்குக் கீழுள்ளோர் கை நீட்டும்போது அரைப்படியை எடுப்போர் எத்தனை பேர்! எதிரியின் பிழையைப் பெருநிறையிலும், தம் கட்சியாரின் பிழையைச் சிறுநிறையிலும் நிறுப்போர் எத்தனை பேர்! பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பதில் முந்தி, கணக்குக் கொடுப்பதில் பிந்துவோரும் உளரன்றோ? இவர்களும் மத்யன் கடைவீதியில் இடம் பெற்றவர்களே.

சட்டம் தராசுக்கு முத்திரையிடும். அதைப் பிடிக்கும் கைக்கு முத்திரையிட அதனால் இயலாது. வாங்குவோன் படியை நம்பியே பையை விரிக்கிறான். அந்த நம்பிக்கை குலைந்த தேசத்தில் சந்தையும் நிலையாது, சபையும் நிலையாது. ஊரைத் திருத்தப் புறப்படுமுன் நேயர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் படியை ஒருமுறை அளந்து பார்ப்பார்களாக.