பெனடாலும் டோலோவும் ஒன்றுதான்

வெள்ளாற்றங்கரையில் இருக்கும் லப்பைக்குடிக்காட்டில், வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விடுப்பில் வருகிறவர் பெட்டியைத் திறந்தால் கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில் பெனடால் அட்டை இருக்கும். 'வெளிநாட்டு மாத்திரை, நல்லா கேக்கும்' என்று சொந்தக்காரர்களும் வாங்கிக்கொள்வார்கள்.

பெனடாலில் இருப்பது 500 மில்லிகிராம் பாராசிட்டமால். ஆற்றுக்கு அந்தப் பக்கம் திட்டக்குடி மெடிக்கலில் கிடைக்கும் டோலோ, குரோசின், கால்பாலிலும் அதே மருந்துதான். 'எக்ஸ்ட்ரா' என்றால் கூடுதலாக 65 மி.கி. காஃபீன்; வெளிநாட்டு மகிமை அவ்வளவே. காய்ச்சலுக்கு டோலோ, தலைவலிக்குப் பெனடால், சளிக்கு இன்னொன்று என்று விழுங்குகிறவர் ஒரே மருந்தை மூன்று பெயரில் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். திடமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4,000 மி.கி.தான் உச்சம்; டோலோ 650 என்றால் ஆறு. மெலிந்தவர்கள், குடிப்பவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. அளவு மீறினால் முதல் நாள் வெறும் குமட்டலோடு போய்விடும். கல்லீரல் கெட்டது தெரியவே இரண்டு மூன்று நாள் ஆகும். முறிவு மருந்து உண்டு, ஆனால் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றினால்தான் முழுப் பலன். அதனால் உடம்புக்கு ஏதாவது செய்யட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மூட்டுவலி, இடுப்புவலி மாத்திரைகள் வேறு ரகம். பருத்தி எடுத்தும் சின்ன வெங்காயம் பிடுங்கியும் இடுப்பு விட்டுப்போனவர்கள் கேட்டு வாங்குவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. கடைக்காரர் கத்தரியால் நாலு மாத்திரையை வெட்டிக் கொடுக்கும்போது, மருந்தின் பெயர் இருக்கும் துண்டு கடையிலேயே தங்கிவிடுகிறது! பெயரை ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள், தப்பில்லை.

இந்த ரகம் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். நோன்பு மாதத்தில் சஹர் நேரத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பவருக்குச் சிறுநீரகம்தான் பெரிய கவலை. பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் மோசம். நோன்புக்கு முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரையை மாற்றிக்கொள்வது நல்லது. டெங்கு சந்தேகம் இருந்தால் இவற்றைத் தொடவே கூடாது, ரத்தக்கசிவு கூடிவிடும்.

விடுப்பு முடிந்து வளைகுடாவுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். டிரமடால் என்ற வலி மாத்திரை இந்தியாவில் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது; அமீரகத்திலும் சவூதியிலும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. உங்களுக்கே எழுதிக் கொடுத்தது என்றால் சீட்டும் அந்த நாட்டு அனுமதியும் கையில் இருக்கட்டும். ரூம்காரருக்குக் கொடுக்கச் சொல்லி யாராவது நீட்டும் மாத்திரைப் பொட்டலத்தை வாங்காதீர்கள், மச்சானே கொடுத்தாலும்.